ஸ்காட்லாந்துப் பனிச்சறுக்கும் ‘உறுதி’ என்ற சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் தில்லிப் பதிப்போடு வந்த சுற்றுலா இணைப்பில், ஸ்காட்லாந்து மலைகளில் பனிச்சறுக்கு விளையாடச் செல்வது பற்றிய முழுப் பக்கக் கட்டுரையைப் படித்தேன். அதே பக்கத்தின் அடியில் ‘உறுதியான பனி, உறுதியான மகிழ்ச்சி’ என்ற தலைப்போடு ஒரு பயண நிறுவனத்தின் விளம்பரமும் வந்திருந்தது. கட்டுரை சுவையாகவே எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு, மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் மட்டும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் வருகிற பிப்ரவரிக்கு விசாரிக்கத் தொடங்கிவிட்டன. அவர்களில் ஒருவர் மாலை நடையின்போது என்னை நிறுத்தி, ‘நீங்கள்தான் போய் வந்தவராயிற்றே, எப்படி இருந்தது?’ என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் சற்று விரிவாகத் தங்களுக்கும் எழுதுகிறேன். அந்த மலைகளுக்குப் போக வேண்டாம் என்று நான் யாரையும் தடுக்கவில்லை. ஆனால், ‘உறுதி’ என்ற சொல்லை அவற்றின் பெயரோடு சேர்த்து அச்சிடுவது வாசகரைத் தவறான வழியில் அனுப்பும்.

நான் மத்திய அரசின் வானிலைத் துறையில் 33 ஆண்டுகள், அதில் பெரும்பகுதியைத் தில்லியிலேயே, மேல்வளிக் காற்றை அளக்கும் பிரிவில் கழித்து ஓய்வு பெற்றவன். பலூனைப் பறக்கவிட்டு, அது போகும் போக்கைக் கருவியில் பின்தொடர்ந்து, எந்த உயரத்தில் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்று கணக்கிடுவது என் பிழைப்பாக இருந்தது. ‘மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகேசனுக்கும் தெரியாது’ என்ற பழமொழியை, முன்னறிவிப்பு பொய்த்த நாட்களில் எங்கள் பிரிவில் இருந்த தமிழர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலாகச் சொல்லிக்கொள்வோம். அப்படிப்பட்ட நானே, போன பிப்ரவரியில், தேதி குறித்து விற்கப்பட்ட மூன்று நாள் பனிச்சறுக்குச் சுற்றுலாவை இங்கே தில்லியிலிருந்தே வாங்கிக்கொண்டு போனேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதலில் கட்டுரையைப் பற்றி. அதில் அச்சாகியிருந்த படம், என் பார்வையில், ஸ்காட்லாந்தினுடையது அல்ல. வானத்தைத் தொடும் கூர்மையான சிகரங்களும், அவற்றின் அடியில் அடர்ந்த ஊசியிலைக் காடும், அதற்கு மேல் கண்ணைக் கூசும் வெயிலும் ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு உரியவை. ஸ்காட்லாந்தின் சறுக்கு மலைகள் உருண்டு திரண்டவை, மரம் அற்றவை, வயதான யானையின் முதுகைப் போன்றவை. அங்கே எடுத்த படம் என்றால், சரிவு நெடுகிலும் மரப்பட்டிகளை நிறுத்திக் கம்பியால் கட்டிய நீண்ட வேலிகள் கண்ணில் பட்டே தீரும். அவை ஆடு மாடுகளுக்கான வேலிகள் அல்ல. காற்று அடித்துக்கொண்டு போகும் பனியைத் தடுத்து நிறுத்திச் சறுக்குப் பாதையில் குவிய வைப்பதற்காக நட்டவை. வானத்திலிருந்து விழும் பனியை நம்புவதைக் காட்டிலும் காற்று கொண்டுவந்து சேர்க்கும் பனியை நம்புவதுதான் அங்கே வழக்கம். விழுந்த பனி விழுந்த இடத்தில் நிற்பதில்லை. திறந்த மேடுகளை ஒரே இரவில் காற்று துடைத்துவிடும். அதே இரவில் பக்கத்துப் பள்ளம் ஆள் உயரத்துக்கு நிரம்பிவிடும்.

உயரத்தைப் பற்றியும் கட்டுரையாளர் ஒரு சொல் எழுதியிருக்கலாம். அங்குள்ள சறுக்கு மலைகளில் ஒன்றான கெயர்ன்கார்ம் சிகரத்தின் உயரம் 1,245 மீட்டர். அதன் சரிவில் ஏறிச் செல்லும் மலை ரயிலின் மேல் நிலையம் ஏறத்தாழ 1,100 மீட்டரில் இருக்கிறது. இது நம் ஏலகிரியின் உயரம். ஊட்டியின் உயரத்தில் பாதி. காஷ்மீரின் குல்மர்க்கிலோ ரோப் கார் ஏறும் இடமே 2,600 மீட்டருக்கு மேல், இறங்கும் இடம் 3,900 மீட்டருக்கும் மேல். ஏலகிரி உயரத்தில் பனிச்சறுக்கு நடப்பதற்குக் காரணம், அந்த ஊர் 57 பாகை வட அட்சத்தில், மாஸ்கோவுக்கும் வடக்கே இருப்பதுதான். மாஸ்கோவின் குளிர் அங்கே இல்லாமல் போவதற்குக் காரணம், அட்லாண்டிக் கடல் வெதுவெதுப்பான நீரோட்டத்தோடு பக்கத்திலேயே கிடப்பது. வடக்கிலிருந்து துருவக் காற்றும் தென்மேற்கிலிருந்து கடல் காற்றும் மாறி மாறி அந்த மலைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கின்றன; இன்றைக்கு யார் கை ஓங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் அங்கே பனியும் மழையும்.

இதில் சிறு கணக்கு ஒன்று உண்டு; அது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும் என்பதால் எழுதுகிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை பாகை செல்சியஸ் குறையும். அப்படியானால், வந்து சேரும் காற்றின் வெப்பம் வெறும் இரண்டு பாகை கூடினாலே, நீர் உறையும் மட்டம் 300 மீட்டர் மேலே போய்விடும். ஆல்ப்ஸில் சறுக்கு நிலம் இரண்டாயிரம் மீட்டர் வரை மேலும் கீழுமாக விரிந்து கிடப்பதால், 300 மீட்டர் போனாலும் கவலையில்லை, இன்னும் சற்று மேலே போய்ச் சறுக்கிக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தின் பெரும்பாலான மையங்களில் சறுக்கு நிலம் முழுவதுமே ஏறத்தாழ 500 மீட்டர் உயர வேறுபாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே, தில்லியில் நாம் சால்வையைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அளவு வெப்ப மாற்றம், அங்கே ஒரு மலையின் பாதிப் பனியை மழையாக்கிவிடுகிறது. நேற்றுப் பொடியாக இருந்தது இன்று மழையில் நனைந்து, நாளைக் காலை கண்ணாடிப் பாளமாக இறுகிக் கிடக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் காற்று. மலை மூடப்படுவது பனி இல்லாமையால்தான் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பனி தாராளமாக இருந்தும், சறுக்குவோரை மேலே ஏற்றிச் செல்லும் லிப்ட் காற்றினால் ஓடாத நாட்கள் அங்கே ஏராளம். கெயர்ன்கார்ம் உச்சியில் எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழக இயற்பியல் துறையினர் ஒரு தானியங்கி வானிலை நிலையம் வைத்திருக்கிறார்கள். திறந்தவெளியில் வைத்தால் கருவிகள் மீது பனிக்கட்டி படிந்து உறைந்துவிடும் என்பதால், சூடாக்கப்பட்ட ஓர் உருளைக்குள் அவற்றை மூடி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை மட்டும் சில நிமிடங்கள் வெளியே தலையை நீட்டி அளந்துவிட்டு மீண்டும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். என் தொழிலில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. அந்த நிலையம் 1986 மார்ச் 20 அன்று பதிவு செய்த காற்று வீச்சு மணிக்கு 173 மைல், அதாவது 278 கிலோமீட்டர். 2016இல் சென்னையைப் புரட்டிப் போட்ட வர்தாவையும், 2018இல் டெல்டா மாவட்டங்களின் தென்னைகளைச் சாய்த்த கஜாவையும் நினைவு வைத்திருக்கும் வாசகர்கள் இந்த எண்ணை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இனி என் கதை. மகள் எடின்பரோவில் குடும்பத்தோடு இருக்கிறாள். பேரப்பிள்ளைகளுக்குப் பிப்ரவரி நடுவில் பள்ளி விடுமுறை வருகிறது என்பதால், அவர்களுக்கு ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று, நவம்பர் மாதமே இங்குள்ள ஒரு பயண முகவரிடம் தலைக்கு 38,000 ரூபாய் வீதம் கட்டிவிட்டேன். எடின்பரோவிலிருந்து பேருந்து, இரண்டு இரவு தங்கல், மூன்று நாள் லிப்ட் சீட்டு, ஸ்கீ எனும் சறுக்குக் கட்டைகளும் ஸ்னோபோர்டு எனும் பனிப்பலகையும் வாடகைக்கு, ஒரு பயிற்சி வகுப்பு எல்லாம் அதில் அடக்கம். போய் இறங்கி உறையை மகளிடம் நீட்டியபோது அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி வரவில்லை. “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அப்பா? இங்கே யாரும் மூன்று மாதம் முன்னால் தேதி போட்டு வாங்க மாட்டார்கள். புதன், வியாழனில் காற்றைப் பார்ப்போம், வெள்ளிக்கிழமை ராத்திரி முடிவு செய்வோம்” என்றாள்.

நாங்கள் சென்ற மையத்தின் பெயரை எழுதவில்லை, குற்றம் அவர்களுடையதல்ல. முதல் நாள் காலை, அடிவாரத்து ஊரில் இலை அசையவில்லை. ஆறு பாகை வெப்பம், இளவெயில், பனி மூடிய மலை பளிச்சென்று தெரிகிறது. விடுதி வரவேற்பறையில் இருந்த திரையிலோ, ‘காற்றின் காரணமாக இன்று எல்லா லிப்ட்களும் மூடப்பட்டுள்ளன’ என்று எழுதியிருந்தது. எங்கள் பேருந்தில் வந்த ஒருவர், ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊழியர்கள் சோம்பல்படுகிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார். நான் வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். மலைக்கு அப்பால், வில்லையைப் போல் வழவழப்பான விளிம்போடு மூன்று மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நகராமல் நின்றுகொண்டிருந்தன. காற்று மலையில் மோதி அலையாக எழும்பும்போது அந்த அலையின் முகட்டில் உண்டாகும் மேகம் அது. மேகம் நிற்கும், காற்று அதன் ஊடே பாய்ந்துகொண்டிருக்கும். முப்பது ஆண்டுகளாகப் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நான் படம் போட்டுக் காட்டிய மேகம். அதைக் கண்ட பிறகு திரையில் எழுதியிருந்ததற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. ஆனாலும் பேருந்து எங்களை மையத்தின் வாகன நிறுத்துமிடம் வரை கொண்டுபோய்க் காட்டியது. அங்கே கதவைத் திறந்த ஓட்டுநர் இரு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியிருந்தது. என் மனைவியின் கம்பளித் தொப்பி தலையிலிருந்து போனது போனதுதான்.

இரண்டாம் நாள் காற்று அடங்கியது, மழை வந்தது. உச்சிவரை மழை. காலையில் ஒரே ஒரு இழுவை லிப்ட் மட்டும் தொடக்கநிலையினருக்காக ஓடியது. பதினொன்றரை மணிக்கு அதுவும் நின்றது. மூன்றாம் நாள் விடியலில் வாடைக்காற்று திரும்பி, இரவெல்லாம் பனி கொட்டி, வானம் நீலமாகத் திறந்துகொண்டது. அந்த மாதத்திலேயே அதுதான் சிறந்த நாள் என்று பிறகு அங்குள்ளவர்கள் சொன்னார்கள். ஆனால் லிப்ட் கம்பங்களும் கம்பிகளும் முழுக்க வெண்ணிறப் பனிக்கட்டி அப்பி, வைக்கோல் போரைப் போல் பருத்துக் கிடந்தன. ஊழியர்கள் இடுப்பில் கயிறு கட்டிக் கம்பத்தில் ஏறி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை முடிந்து லிப்ட் ஓடத் தொடங்கியபோது மணி பத்தேகால். எங்கள் பேருந்து எடின்பரோ திரும்புவதற்குக் குறித்திருந்த நேரம் பன்னிரண்டு.

மூன்று நாளுக்குக் கொடுத்த பணத்தில் எங்களுக்குக் கிடைத்த சறுக்கு, ஆக, ஒன்றே முக்கால் மணி நேரம். அதிலும் பதினான்கு வயதுப் பேத்தி பனிப்பலகை கற்க வந்தவள். அங்கே உள்ள லிப்ட்களில் பெரும்பாலானவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிச் செல்பவை அல்ல; தலைகீழ் ‘டி’ எழுத்தைப் போன்ற ஒரு கட்டையைத் தொடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தரையில் நின்றபடியே இழுபட்டு மேலே போக வேண்டும். காற்றில் நாற்காலி ஊசலாடும், தரையோடு போகும் இழுவை லிப்ட் ஓரளவு தாங்கும் என்பதால்தான் அவை அங்கே அதிகம். இரண்டு காலும் முன்னோக்கி நிற்கும் ஸ்கீக்காரர்களுக்கு இது எளிது. ஒரு காலை மட்டும் பலகையில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நிற்கும் பனிப்பலகைக்காரருக்கு, முதல் நாளில், இது பெரும் சோதனை. பேத்தி நான்கு முறை ஏறி நான்கு முறையும் பாதி வழியில் விழுந்தாள். ஐந்தாம் முறை உச்சி வரை போய்ச் சேர்ந்து அங்கிருந்து கையை ஆட்டியபோது, கீழே பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார். தங்கள் கட்டுரை ‘பனிப்பலகை கற்போருக்கு உகந்த இடம்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் இந்த லிப்ட் விஷயத்தையும் ஒரு வரி சேர்த்திருந்தால் பலருக்கு உதவியாக இருந்திருக்கும்.

தில்லி திரும்பியதும் முகவரின் அலுவலகத்துக்குப் போனேன். “சார், வானிலை எங்கள் கையிலா இருக்கிறது?” என்று மரியாதையாகவே கேட்டார்கள். இல்லைதான். கையில் இல்லாத ஒன்றை ‘உறுதி’ என்று எழுதி விற்றது எப்படி என்று நான் கேட்டதற்கு, அது விளம்பர வாசகம், ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும் என்றார்கள். ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்க அடியில், எறும்பு வரிசையைப் போன்ற எழுத்தில், வானிலையால் மையம் மூடப்பட்டால் பணம் திரும்பாது என்று இருக்கத்தான் செய்கிறது. சறுக்கு மையத்தின் கவுண்டரில் இருந்த பெண்ணும், குழுவாக வாங்கிய சீட்டு என்பதால் தேதியை மாற்ற வேண்டுமானால் வாங்கியவர்தான் கேட்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். வாங்கியவரான முகவர் கேட்கவில்லை.

இதை என் பணத்துக்காக எழுதவில்லை. தில்லித் தமிழருக்கு வானிலையோடு பழகும் முறை தெரியாதது அல்ல என்பதற்காக எழுதுகிறேன். சனவரி மாதம் ஊரில் கல்யாணம் என்றால், முகூர்த்தத்துக்கு முதல் நாள் சென்னை போய்ச் சேரும்படி தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் யாராவது டிக்கெட் எடுக்கிறோமா? மூடுபனி எத்தனை மணி நேரத்தை விழுங்கும் என்று தெரியாததால், ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுகிறோம். யாரும் அதற்காக ரயில்வேயைத் திட்டுவதில்லை; மூடுபனி என்றால் அப்படித்தான் என்று கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம். ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் தங்கள் மலையோடு நடந்துகொள்வதும் இதே முறையில்தான். காலையில் எழுந்ததும் மையத்தின் கேமரா படத்தையும் பனி அறிக்கையையும் பார்க்கிறார்கள். மலைகளுக்கென்றே தனியாக வெளியிடப்படும் வானிலை அறிக்கையில், சிகரத்துக் காற்று எவ்வளவு, உறையும் மட்டம் எங்கே என்று படிக்கிறார்கள். பாதைக்கு வெளியே போகிறவர்கள் ஸ்காட்லாந்துப் பனிச்சரிவுத் தகவல் சேவையின் அன்றாட எச்சரிக்கையையும் பார்த்துவிட்டே கிளம்புகிறார்கள். சரியில்லை என்றால் வேறு மலைக்குப் போகிறார்கள், அல்லது வீட்டிலேயே இருக்கிறார்கள்.

வேறு மலை என்று சொன்னதை விளக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இத்தகைய மையங்கள் ஐந்து: மேற்கே கிளென்கோ, நெவிஸ் ரேஞ்ச், கிழக்கே கெயர்ன்கார்ம், கிளென்ஷீ, லெக்ட். இவற்றில் மூத்தது 1956இல் இழுவை லிப்ட் அமைத்த கிளென்கோ. இளையது 1989இல் ஃபோர்ட் வில்லியம் அருகே ரோப் காரோடு திறந்த நெவிஸ் ரேஞ்ச். மேற்கிலிருந்து ஈரக்காற்று வரும்போது மேற்கு மலைகள் நனைந்துகொண்டிருக்க, மழை மறைவில் உள்ள கிழக்கு மலைகள் திறந்திருப்பது உண்டு. கிழக்குக் காற்றில் இது தலைகீழாகும். ஆகவே ஐந்தில் ஒன்றைத் தேதியோடு கட்டிப்போடாமல், நடுவில் ஓர் ஊரில் தங்கிக்கொண்டு அன்றன்று முடிவு செய்பவருக்கே வாய்ப்பு கூடுதல். சாலையும் கணக்கில் வர வேண்டும். கிளென்ஷீயும் லெக்ட்டும் உயரமான கணவாய்ச் சாலைகளின் மேலேயே இருக்கின்றன. பனி கொட்டினால் அந்தச் சாலைகளுக்குக் குறுக்கே கதவு போட்டு மூடிவிடுவார்கள். பனி அதிகமாகிப் பனிச்சறுக்குக்குப் போக முடியாமல் போவது, கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், அங்கே சாதாரணம்.

‘டிசம்பர் முதல் ஏப்ரல் வரை எந்நாளும்’ என்று கட்டுரை எழுதியதும் சரியல்ல. டிசம்பர் கடைசியில் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்தான் சூரியன் எழும், மாலை மூன்றரைக்கு மறைந்துவிடும். அடியில் பனி சேர்ந்திருக்கவும் செய்யாது. நம் முன்னோர் மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் பிரித்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது புல் நுனியில் நிற்கும் பனிதான் என்றாலும், ஸ்காட்லாந்தில் சறுக்குவதற்குச் சற்றேனும் நம்பத்தக்க காலம் பின்பனிதான்: பள்ளங்கள் நிரம்பியிருக்கும், பகலும் நீண்டிருக்கும்.

அந்தச் ‘சற்றேனும்’ என்பதும் தேய்ந்துவருகிறது. கெயர்ன்கார்ம் பகுதியில் பிரேரியாக் என்ற மலையின் பள்ளம் ஒன்றில், ‘ஸ்பிங்ஸ்’ என்று அங்குள்ளவர்கள் பெயரிட்டழைக்கும் ஒரு பனித்திட்டு உண்டு. கோடையிலும் கரையாமல் அடுத்த பனியைச் சந்திப்பதுதான் அதன் பெருமை. 20ஆம் நூற்றாண்டு முழுவதிலும் 1933, 1959, 1996 ஆகிய மூன்று ஆண்டுகளில்தான் அது முற்றிலும் மறைந்தது. இந்த நூற்றாண்டிலோ 2003, 2006, 2017, 2018 என்று தொடர்ந்து, 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டுகள் அடுத்தடுத்து மறைந்துபோனது. பூச்சியத்துக்கு மேற்பட்ட வெப்பத்திலும் பனித்துகள் தயாரிக்கும் இயந்திரங்களைச் சில மையங்கள் வைத்திருக்கின்றன. குழந்தைகள் பழகும் ஒரு சிறு சரிவை வெண்மையாக வைத்திருக்க அவை உதவுமே தவிர, ஒரு மலையை மூடப் போதாது.

நாம் சிரித்துக்கொள்ளவும் இடமில்லை. குல்மர்க் 2024 சனவரியில் பனியின்றி மண்ணாகக் கிடந்த படங்களைத் தங்கள் நாளிதழே வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனிப்பற்றாக்குறையால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில்தான் நடந்தன. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் ‘மேற்கத்திய இடையூறு’ வராத ஆண்டில் உத்தராகண்டின் ஔலியிலும் இதே நிலைதான். தில்லியிலிருந்து ஔலிக்கு இரவுப் பேருந்தில் போய்ப் புல்லைப் பார்த்துத் திரும்பிய இளைஞர்களை எனக்குத் தெரியும். அங்கே இழப்பு சில ஆயிரம் ரூபாயோடு போய்விடும். ஸ்காட்லாந்து என்றால் விசா, விமானம் என்று ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பு.

கட்டுரையில் இன்னொரு திருத்தமும் தேவை. கெயர்ன்கார்ம் மலை ரயிலை ‘என்றும் ஓடும் மாற்று ஏற்பாடு’ போல் எழுதியிருக்கிறார்கள். 2001இல் தொடங்கிய அந்த ரயில், தாங்கு தூண்களின் கட்டுமானக் கோளாறு காரணமாக 2018 இலையுதிர்காலத்தில் நிறுத்தப்பட்டு, 2023 சனவரியில் திறந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் நின்று, 2025 பிப்ரவரியில்தான் திரும்ப ஓடியது. அதை நம்பிப் போகிறவர் கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது. லிப்ட் ஓடாத நாளுக்கு அந்த வட்டாரத்தில் வேறு பொழுதுபோக்கு இல்லாமல் இல்லை. 1952இல் சுவீடனிலிருந்து கொண்டுவந்த கலைமான்களின் வழிவந்த மந்தை ஒன்று கெயர்ன்கார்ம் சரிவுகளில் மேய்கிறது. பக்கத்து ஊரான ஏவிமோரிலிருந்து பழைய நீராவி ரயில் ஒன்றும் உண்டு. என் பத்து வயதுப் பேரன், சறுக்கியதைவிட, கையிலிருந்து தீனி வாங்கித் தின்ற கலைமானைப் பற்றித்தான் இன்றும் தொலைபேசியில் பேசுகிறான்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பனிச்சறுக்குப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, எத்தனை மீட்டர் உயரம், எந்த வகை லிப்ட், காற்றினால் மூடப்படும் வாய்ப்பு ஆகியவற்றையும் கட்டுரையாளர் எழுதும்படி பாருங்கள். பயணக் காப்பீட்டில் குளிர்கால விளையாட்டைத் தனியாகச் சேர்த்தாலொழியப் பல திட்டங்களில் அது அடங்காது என்பதையும் நினைவூட்டுங்கள். விளம்பரத்தில் ‘உறுதி’ என்று எழுதித் தருபவரிடம், மையம் மூடப்பட்டால் என்ன தருவீர்கள் என்று விளம்பரப் பிரிவினர் கேட்டு, அந்தப் பதிலையும் விளம்பரத்திலேயே சேர்க்கச் சொல்லலாம். தேதியை மாற்றித் தருவோம் என்று ஒருவர் எழுதினால், நானே எங்கள் குடியிருப்பின் இரு குடும்பங்களையும் அவரிடம் அனுப்பிவைப்பேன்.

பேத்தி மறுபடியும் போக வேண்டும் என்கிறாள். அடுத்த மாசியில் போவதாக இருக்கிறோம். இந்த முறை தேதியை மகள் வியாழக்கிழமை சொல்வாள்.

என் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தை, நிறுவனத்தின் பெயரை மறைத்து, நகலெடுத்து இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தால் அடியிலிருந்து மூன்றாவது வரி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வானிலைத் துறை ஊழியர்,
மயூர் விஹார், தில்லி.